தேஞ்ச அச்சும் ஒத்தைக்கண் பேயும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான். சும்மா கிடந்தவனை மறுபடி எழுத வெச்சது எங்க அக்கா பையன். வயசு பதினாலு, பெங்களூர்ல படிக்கிறான். மே மாச லீவுக்கு விருத்தாசலம் வந்தவன் பையில துணிமணி இருந்ததோ இல்லையோ, ஒரு டப்பா நிறைய தாயக்கட்டை இருந்தது. நம்மூர் தாயக்கட்டை இல்லைங்க. நாலு முகம், எட்டு முகம், பன்னெண்டு முகம், இருபது முகம்னு கலர் கலரா. எங்கம்மா அதைப் பார்த்துட்டு, "ஏன்டா, பல்லாங்குழிக்கு இது ஆகுமா"ன்னு கேட்டாங்க.

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'னு ஒரு விளையாட்டு. தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. பலகை, காய் எல்லாம் இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணுதான். ஒருத்தர் கதை சொல்றவர். "நீங்க ஒரு குகைக்குள்ள போறீங்க. இருட்டு. உள்ள ஏதோ மூச்சு விடுது. என்ன பண்றீங்க?" மத்தவங்க ஆளுக்கொரு வேஷம். வாள் வீசறவன், மந்திரவாதி, திருடன். என்ன செய்யறோம்னு சொல்லணும், பலிச்சுதா இல்லையான்னு தாயக்கட்டை சொல்லும். கதை சொல்றவரே வழியில வர்ற அத்தனை ராட்சசனாவும் பேசணும். தெருக்கூத்துல கட்டியக்காரன் ராஜாவை அறிமுகப்படுத்தி, கிண்டல் பண்ணி, நடுவுல வேற ஆளாவும் வருவானே, கிட்டத்தட்ட அந்த உத்தியோகம். நம்ம பையனுக்கு அதுதான் பிடிச்ச வேலை.

முதல் நாள் ராத்திரி மொட்டை மாடியில பாய் விரிச்சு உட்கார்ந்தோம். பையன், நான், பக்கத்து வீட்டுப் பொண்ணு (பத்தாவது முடிச்சவ), அவ தம்பி. எனக்கு மந்திரவாதி வேஷம். தொப்பைக்குப் பொருத்தமா இருக்கும்னு கொடுத்திருப்பான் போல.

குகைக்குள்ள போனோம். கோப்ளின் வந்தது. குள்ளமா, பச்சையா, பல்லை இளிச்சுக்கிட்டு. பையன் குரலை மாத்தி அழகாத்தான் சொன்னான். அந்தப் பொண்ணு கொட்டாவி விட்டா. "கோப்ளினா? ஏழு பாயிண்ட்டுதான். ரெண்டு அடியில போயிடும்." போயிடுச்சு. அடுத்து ட்ரோல். "நெருப்பு வைங்க அங்கிள், இல்லேன்னா வெட்ட வெட்ட வளரும்." வெச்சேன். செத்துச்சு. பையன் சுதாரிச்சுக்கிட்டு ஒரு நீலக்கலர் கோப்ளினைக் கொண்டு வந்தான். "ஓ, இதுக்குப் பதினாலு பாயிண்ட்டா?"ன்னா பாருங்க, தம்பிக்காரன் விழுந்து விழுந்து சிரிச்சான். அரை மணி நேரத்துல கடை மூடிட்டோம்.

எல்லாரும் போனப்புறம் பையன் படுக்காம உட்கார்ந்திருந்தான். இருநூறு பக்க நோட்டு ஒண்ணு முழுக்க அவன் கையெழுத்து. குகை, மலை, ஊர், வரைபடம். அப்பார்ட்மெண்ட்ல முதல்ல நாலு பேர் விளையாட வந்தாங்களாம், அப்புறம் ரெண்டு பேர், கடைசி ரெண்டு சனிக்கிழமையும் யாரும் வரலையாம். தனியா பாய் விரிச்சு, தனியா சுருட்டி வெச்சிருக்கான். "மாமா, யாருக்குமே பயம் வர மாட்டேங்குது. எல்லா மான்ஸ்டரும் எல்லாருக்கும் தெரியுது. நான் என்ன பண்றது?"

எனக்கு அப்ப பதில் தெரியலை. "தூங்குடா, காலையில பொம்மை செய்யற இடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்"னு சொன்னேன். பேச்சை மாத்தத்தான் சொன்னேன்.

வெளியூர்க்காரங்களுக்கு விருத்தாசலம்னா ஜங்ஷன் ஞாபகம் வரும், இல்லேன்னா பழமலைநாதர் கோயில். எங்களுக்குப் பீங்கானும் சேர்த்தி. பக்கத்துல நெய்வேலி. 1956-ல நிறுவனம் ஆரம்பிச்சு, பழுப்பு நிலக்கரிக்காக மேல் மண்ணை வாரிக் கொட்டினப்போ, அந்த மண்ணுக்குள்ள பீங்கானுக்கு ஆகிற களிமண்ணும் இருந்தது. அரசு பீங்கான் தொழில்நுட்பப் பயிலகம், தொழிற்பேட்டை, சின்னச் சின்னப் பட்டறைங்கன்னு இந்த ஊருக்கே ஒரு வெள்ளைத் தூசி படிஞ்சுது. ஊறுகாய் ஜாடி, கரண்ட் கம்பத்துல தொங்கற இன்சுலேட்டர், வீட்டு மெயின் போர்டுல இருந்து பிடுங்குவோமே அந்தப் பியூஸ் கட்டை, அப்புறம் பொம்மை, அகல் விளக்கு. பியூஸ் கட்டைக்கு இப்ப மவுசு குறைஞ்சு போச்சு. பொம்மை நிக்குது.

ஒரு பட்டறைக்குக் கூட்டிட்டுப் போனேன். பொம்மை பண்ற விதம் தெரிஞ்சா ஆச்சரியமா இருக்கும். களிமண்ணைக் குழைச்சு உருட்டற வேலையே இல்லை. மாவு மாதிரி கரைச்ச மண்ணை (அவங்க அதைச் 'சிலிப்'ங்கறாங்க) பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள்ள ஊத்தறாங்க. அச்சு தண்ணியை உறிஞ்சும். உள்சுவர்ல மண் ஆடை மாதிரி படியும். போதுமான கனம் வந்ததும் மிச்சத்தைக் கவிழ்த்துடறாங்க. காய்ஞ்சதும் மண் தானாச் சுருங்கி அச்சை விட்டு விலகும். பிரிச்சா உள்ளே பொம்மை. பொக்கையா, மெல்லிசா. அச்சு சேர்ற இடத்துல கோடு மாதிரி நீட்டிக்கிட்டிருக்கிறதைக் கத்தியால சுரண்டி, ஈரப் பஞ்சால தடவிட்டு, சூளைக்கு.

பையன் ஒரு பூத பொம்மையை எடுத்தான். கொலு செட்டுல வாசல்ல நிக்கிற மாதிரி கதை வெச்ச பூதம். மூஞ்சியைத் தடவிப் பார்த்துட்டு, "இதுக்கு ஏன் மாமா மூக்கே இல்லை?"ன்னான். அங்கே வேலை பார்த்த பெரியவர் சிரிச்சார். "அச்சு தேஞ்சு போச்சு தம்பி. நூறு தடவை ஊத்தினா கோரைப்பல்லு கூட வழுவழுன்னு ஆயிடும். பூதம் பாப்பா மாதிரி ஆயிடும்."

"அப்ப இந்தப் பொம்மையை வெச்சே புது அச்சு எடுக்கலாமே?"

"எடுக்கலாம். சின்னதாயிடும். மண்ணு காய்ஞ்சு வெந்து வர்றதுக்குள்ள நூத்துக்குப் பத்து சுருங்கும். பொம்மையில அச்சு எடுத்து, அந்த அச்சுல பொம்மை ஊத்தி, மறுபடி அதுல அச்சு எடுத்தேன்னு வை, உன் பூதம் கொட்டைப்பாக்காயிடும். புது அச்சுக்கு முதல்ல செதுக்கின உருவத்துக்கே போகணும்."

நான் சும்மா கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். வீட்டுக்கு வர்ற வழியில பாலத்துல வண்டி ஓட்டிக்கிட்டிருக்கும்போது மண்டையில மணி அடிச்சது. மணிமுத்தாத்துல தண்ணி இல்லை, மணல்தான். பையன் கேட்ட கேள்விக்கு அந்தப் பெரியவர் பதில் சொல்லிட்டார். எங்க ரெண்டு பேருக்கும்தான் அது உறைக்கலை.

அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து இந்த விளையாட்டோட பூர்வீகத்தைத் தோண்ட ஆரம்பிச்சேன். (வேற என்ன வேலை!)

1974-ல அமெரிக்காவுல கேரி கைகேக்ஸ், டேவ் ஆர்னெசன்னு ரெண்டு பேர் கொண்டு வந்த விளையாட்டு. சின்ன ஊர், சின்ன கம்பெனி. போர்க்களப் பொம்மைகளை வெச்சு விளையாடிக்கிட்டிருந்தவங்க. ஓர்க், ட்ரோல், டிராகன்னு ஐரோப்பாக் கதைகள்ல இருந்து எடுத்தாச்சு. விளையாட வர்றவங்களும் அதே புஸ்தகத்தைப் படிச்சவங்க. ஆரம்பத்துலேயே பையனோட பிரச்சினை அவங்களுக்கும் வந்திருக்கு. என்ன பண்ணார் கைகேக்ஸ்? கடையில ஹாங்காங்ல பண்ணின மலிவு பிளாஸ்டிக் பொம்மை ஒரு பை வாங்கினார். 'வரலாற்றுக்கு முந்தைய மிருகங்கள்'னு பேர் போட்டு வித்த சரக்கு. எந்த வரலாற்றுலயும் இல்லாத மிருகங்கள் அதெல்லாம். ஒண்ணு வாலுல துடுப்பு வெச்ச பூச்சி மாதிரி. ஒண்ணு அலகு வெச்ச கரடி மாதிரி. ஒண்ணு ஆமைக்கும் சுறாவுக்கும் பொறந்த மாதிரி. இப்ப உலகம் முழுக்க விளையாடறவங்களுக்குத் தெரிஞ்ச ரஸ்ட் மான்ஸ்டர், அவுல்பேர், புலட் மூணும் அந்தப் பையில இருந்து வந்ததுங்கதான்.

இதுல ரஸ்ட் மான்ஸ்டரைக் கொஞ்சம் கவனிக்கணும். துருப்பூச்சின்னு சொல்லலாம். அதுக்குச் சாப்பாடு இரும்பு. மீசையால தொட்டா உங்க கவசம் துருப்பிடிச்சு உதிரும், அதைத் தின்னுட்டுப் போயிடும். மாசக்கணக்கா விளையாடிச் சேர்த்த வாள் கண் முன்னால செங்கப்பொடி ஆகும். டிராகனையே எதிர்த்து நின்னவங்க இதைக் கண்டா ஓடுவாங்க. பொம்மை என்னமோ பத்து பைசா பொறாது. ஆனா அதுக்குப் பசி எதுங்கறதை ஒருத்தர் யோசிச்சிருக்கார் பாருங்க, அங்கேதான் விஷயம். நம்ம பையன் கோப்ளினுக்கு நீலப் பெயிண்ட் அடிச்சான், பாயிண்ட்டை ரெண்டு மடங்காக்கினான். அதோட பசியை அவன் தொடவே இல்லை.

சரி, நம்ம ஆளுங்க யாராவது அந்த விளையாட்டுல இருக்காங்களான்னு பார்த்தேன். இருக்காங்க. ராட்சசன்! 1975-லயே வந்துட்டான். 1977-ல வந்த 'மான்ஸ்டர் மேனுவல்' புஸ்தகத்துல படமும் உண்டு. டேவிட் டிராம்பியர்ங்கறவர் வரைஞ்சது. படத்தைப் பார்த்தேன், நாற்காலியில இருந்து விழாத குறை. புலித் தலை. கோட்டு. கையில புகைக்குழாய். கிளப்புக்கு வந்த ஜமீன்தார் மாதிரி உட்கார்ந்திருக்கார் நம்ம ராட்சசன். நான் கேட்ட ராமாயணத்துல புலித் தலை ஞாபகத்துல இல்லையேய்யா!

இதோட பூர்வீகம் இன்னும் தமாஷ். ராமாயணத்துல இருந்து நேரா வரலை. அமெரிக்க டிவியில 1974-75ல 'கோல்சாக்: தி நைட் ஸ்டாக்கர்'னு ஒரு பேய்த் தொடர் ஓடியிருக்கு. அதுல ஒரு கதையில சிகாகோவுக்கு ஒரு ராட்சசன் வர்றான். நீங்க யாரை ரொம்ப நம்பறீங்களோ அவங்க உருவத்துல வருவான். கிட்ட வந்து கட்டிப்பிடிப்பான், முடிஞ்சுது கதை. ஒரு வயசான இந்தியர் குறுக்குவில்லும் மந்திரிச்ச அம்புமா அவனைத் தேடிக்கிட்டிருக்கார். கடைசியில வில்லு கதாநாயகன் கைக்கு வருது. எதிர்ல வர்றது அவன் கூட வேலை பார்க்கிற, அவன் ரொம்ப மதிக்கிற வயசான அம்மா. அவங்கதானா, இல்லையா? அம்பை விடணும். கைகேக்ஸ் அந்தக் கதையைப் பார்த்துத்தான் விளையாட்டுக்கு ராட்சசனைச் செய்தார். மந்திரிச்ச அம்பு பட்டா சாவான்ங்கற விதிகூட அங்கிருந்து வந்ததுதான். 2014-ல வந்த பதிப்புல விரலெல்லாம் பின்பக்கமா மடங்கற கையும் புலித் தலையுமா இன்னும் இருக்கார்.

முதல்ல எனக்குக் கோவம்தான் வந்தது. பெரியவர் சொன்ன கதைதானே இது, பொம்மையில இருந்து அச்சு, அச்சுல இருந்து பொம்மை. அப்புறம் யோசிச்சா கோவம் பாதி இறங்கிடுச்சு. நம்பினவங்க உருவத்துல வர்றதுங்கறது வெள்ளைக்காரன் கற்பனையா என்ன? மாரீசன் பொன்மானா வந்தான், சரி. அம்பு பட்டுச் சாகும்போது ராமன் குரல்ல கத்தினானே. சீதை நம்பினது அந்தக் குரலைத்தானே. சூர்ப்பணகை கம்பன்ல எப்படி நடந்து வர்றான்னு படிச்சவங்களுக்குத் தெரியும், மயிலும் அன்னமும் வெட்கப்படும். அந்த டிவிக்காரங்க தெரிஞ்சோ தெரியாமலோ முதல் உருவத்துல ஒரு அச்சு எடுத்துட்டாங்க. புலித் தலையை ஒட்டினது அதுக்கப்புறம் நடந்தது. ஒட்டின நாள்ல இருந்து எல்லாரும் தலையை மட்டும்தான் ஞாபகம் வெச்சிருக்காங்க. தலையைப் பார்த்ததுமே "ஓ, ராட்சசன்"னு தெரிஞ்சுபோனா, அவன் நம்ம தாத்தா மாதிரி வந்து என்ன பிரயோஜனம்?

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். என் வயசுக்காரங்களுக்கு வேதாளம்னா அம்புலிமாமா. 1947-ல ஆரம்பிச்ச பத்திரிகை, இப்ப இல்லை. தோள்ல பிணத்தைச் சுமந்துக்கிட்டு ஒரு கையில வாளோட விக்ரமாதித்தன் நடக்கிற படம், ஓவியர் சங்கர் போட்டது. அவரும் 2020-ல போயிட்டார். மாசாமாசம் அதே படம், அதே மரம், அதே சுடுகாடு. கதையோட கடைசிப் பாராகூட அதேதான். ஆனா ஒரு மாசம்கூட போரடிச்சதில்லை. ஏன்னா வேதாளத்துக்கு நகமும் பல்லும் ஆயுதம் இல்லை, கேள்விதான் ஆயுதம். பதில் தெரிஞ்சும் சொல்லலேன்னா தலை வெடிக்கும், சொன்னா மௌனம் கலைஞ்சு அது மரத்துக்குப் போயிடும். ரெண்டு பக்கமும் அடி! சோமதேவர் 11-ம் நூற்றாண்டுல கதாசரித்சாகரத்துல எழுதி வெச்ச சரக்கு, எங்க தெரு வாசகசாலை வரைக்கும் மூக்கு மழுங்காம வந்து சேர்ந்தது.

ஆனா இந்த விஷயத்துல கில்லாடி யாருன்னு கேட்டா நான் செயங்கொண்டாரைத்தான் சொல்வேன்.

பேய்ங்கறது தமிழ்ல புதுசே இல்லை. சங்கப் பாட்டுல போர்க்களம் வந்தா பேய்மகள் வந்துடுவா. திருமுருகாற்றுப்படையில காய்ஞ்ச தலைமயிர், கோணல் பல்லு, சுழலற கண்ணுன்னு முழு வர்ணனையே இருக்கு. அப்புறம் காரைக்கால் அம்மையார் வந்து இதைத் தலைகீழாப் புரட்டிட்டாங்க. அழகான பொண்ணு, வணிகன் பொண்டாட்டி, மாம்பழக் கதைக்கு அப்புறம் புருஷன் பயந்து விலகிப் போனதும், இந்த உடம்பு எனக்கு வேண்டாம், பேய் உருவம் கொடுன்னு சிவன்கிட்ட கேட்டு வாங்கிக்கிட்டாங்க. திருவாலங்காட்டுச் சுடுகாட்டுல இருக்கிற பேயை அவங்க பாடினப்போ, உள்ளே இருந்து பாடினாங்க. சோழர் காலத்து வெண்கலச் சிலையில அவங்க எலும்பும் தோலுமா தாளம் போட்டுக்கிட்டுச் சிரிக்கிறதைப் பார்த்திருக்கீங்களா? பார்த்துட்டுப் பயப்படறதா கும்பிடறதான்னு எனக்கு இன்னும் தெரியலை.

செயங்கொண்டார் காலத்துக்கு வர்றப்போ பேய் அச்சு ஆயிரம் வருஷமா ஊத்தின அச்சு. 12-ம் நூற்றாண்டு ஆரம்பம். முதற்குலோத்துங்கன் ராஜா, கருணாகரத் தொண்டைமான் தளபதி, கலிங்கத்து மேல படையெடுப்பு, ஜெயம். அதைப் பாடணும். பரணி பாடினா காளியும் பேயும் வந்தே ஆகணும், அது இலக்கணம். பாட்டைக் கேட்கிற அரசவையில இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் பேய் எப்படி இருக்கும்னு மனப்பாடம். எங்க மொட்டை மாடிப் பொண்ணு மாதிரி கொட்டாவி விடத் தயாரா உட்கார்ந்திருப்பாங்க.

மனுஷன் என்ன பண்ணார் தெரியுமா? பேய்ங்களுக்குத் தழும்பு கொடுத்தார்.

ஒரு பேய்க்கு ஒரு கண்ணு குருடு. ஏன்? முன்னால ஒரு நாள் ராஜா சக்கரக்கோட்டத்தை ஜெயிச்சப்போ களத்துல ரத்தமும் குடலும் போட்டுக் கூழ் காய்ச்சினாங்களே, கொதிக்கிற அந்தக் கூழ் தெறிச்சுது. இன்னொண்ணுக்குக் கால் நொண்டி. ஏன்? வேறொரு களத்துல மூளைச் சேத்துல வழுக்கி விழுந்துச்சு. இப்படி வரிசையா ஊமை, செவிடு, கூன், குள்ளம்னு பேய்ங்க வருது, ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம். படிக்கிறப்போ சிரிப்பு வரும். சிரிச்சு முடிச்சப்புறம்தான் கணக்கு புரியும். சக்கரக்கோட்டம் குலோத்துங்கன் இளவரசனா இருந்தப்போ நடந்த சண்டை. பட்டத்துக்கு வந்தது 1070-ல. கலிங்கப் போர் அதுக்கு நாப்பது வருஷம் கழிச்சு. அந்த ஒத்தைக்கண் பேய் நாப்பது வருஷமா தழும்போட அலைஞ்சுக்கிட்டிருக்கு. ராஜாவோட போர் வரலாறு முழுக்க மெய்க்கீர்த்தியில கல்லுல இருக்கு, சரி. செயங்கொண்டார் அதைப் பேய் உடம்புலயும் எழுதி வெச்சுட்டார்.

அடுத்து, பசி. பேய் பசியா இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும். இவர் அந்தப் பசியை வெச்சு விளையாடறார். இமயத்துல இருந்து ஒரு கிழட்டுப் பேய் வருது, மாயவித்தை கத்துக்கிட்டு. காளிக்கு முன்னால வித்தை காட்டுது. வெறும் வெளியில பிணக்குவியல், ரத்த ஆறு எல்லாம் தெரியுது. நாள்கணக்கா பட்டினி கிடந்த பேய்ங்க பாய்ஞ்சு அள்ளுதுங்க, ஒண்ணும் இல்லை. வெறுங்கையை நக்கிட்டு ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து புரளுதுங்க. படிச்சா ஒரு நிமிஷம் பாவமா இருக்குங்க, நிஜமா. அப்புறம் எல்லாம் சேர்ந்து காளிகிட்ட முறையிடுதுங்க, இப்படிப் பட்டினி போட்டா நாங்க எங்கே போறதுன்னு. அந்தப் பகுதிக்குப் பேரே 'பேய் முறைப்பாடு'. பேய் மனுக் கொடுக்குதுங்க ஐயா!

போர் முடிஞ்சு கூழ் காய்ச்சற இடம் தனி. சமைக்கறதுக்கு முன்னால சுத்தபத்தமா இருக்கணுமாம். யானைத் தந்தத்தால பல் விளக்கு, யானை விலா எலும்பால நாக்கு வழி, மதநீரை எண்ணெயாத் தேய்ச்சுக்கோ, எண்ணெய் போக மூளையைப் போட்டுத் தலைக்குத் தேய், ரத்த ஆத்துல குளி. எங்க பாட்டி தீபாவளிக்கு விடியக்காலம் எழுப்பிச் சொல்ற அதே வரிசை. பரிமாறறப்போ பந்தியில பார்ப்பனப் பேய் உண்டு, புத்தப் பேய் உண்டு, சமணப் பேய் உண்டு. சமணப் பேய் உயிர்க்கொலை பண்ணாது, ஒரு பொழுதுதான் சாப்பிடும், அதனால அதுக்குக் கூழைத் துணியில வடிகட்டி ஊத்தணுமாம். பிணக் கூழைத்தான்! சமணர்களைக் குத்தற கேலிதான் இது, பெருமைப்பட ஒண்ணும் இல்லை. ஆனா அந்தத் துணி இருக்கே, அந்த ஒரு துணியிலதான் அந்தப் பேய் உயிரோட நிக்குது. பேய்க்கு எப்படிங்க உயிர்னு கேட்காதீங்க.

இதெல்லாம் படிச்சுட்டு மறுநாள் காலையில பையனுக்குச் சொன்னேன். நோட்டு எடுத்து எழுத ஆரம்பிச்சான். கொம்பு, பல்லு, பாயிண்ட்டு எதையும் எழுதலை. "அதுக்கு எங்க அடிபட்டுச்சு? கடைசியா எப்ப சாப்பிட்டுச்சு? யார்கிட்ட போய்ச் சொல்லும்?" மூணு கேள்வி எழுதி வெச்சிருந்தான். மூணாவதைப் பார்த்ததும் அவனைக் கொளஞ்சியப்பர் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன்.

மணவாளநல்லூர், ஊரை ஒட்டினாப்புல. எங்க பக்கத்து ஜனங்களுக்கு இது சாமி கோர்ட்டு. பணம் கொடுத்து ஏமாந்தவங்க, நகை தொலைச்சவங்க, புருஷன் பொண்டாட்டி சண்டைன்னு வர்றவங்க பேப்பர்ல குறையை எழுதி, சாமி முன்னால வெச்சு வாங்கிட்டு, முனியப்பர்கிட்ட வேல்ல கட்டுவாங்க. 'பிராது கட்டறது'ன்னு பேர். குறை தீர்ந்தா வந்து வாபஸ் வாங்கணும், அதுவும் முறைப்படி. முனின்னா ராத்திரி பன்னெண்டு மணிக்குச் சுருட்டோட குறுக்கே வர்றவர்னு சின்ன வயசுல எங்களைப் பயமுறுத்தி வெச்சிருக்காங்க. இங்கே அவர் வேல் முழுக்கக் காகிதம் கட்டிக்கிட்டு, ஊர் வழக்கையெல்லாம் சுமந்துக்கிட்டு நிக்கிறார். பையன் ரொம்ப நேரம் அந்த மடிச்ச காகிதங்களையே பார்த்துக்கிட்டிருந்தான். "இதெல்லாம் அவர் படிக்கணுமா மாமா? எப்ப தூங்குவார்?"

அன்னைக்கு ராத்திரி மறுபடி பாய் விரிச்சோம். பக்கத்து வீட்டுப் பொண்ணு, "பத்து நிமிஷம்தான், சீரியல் இருக்கு"ன்னு சொல்லிட்டுத்தான் உட்கார்ந்தா.

குகை இல்லை, கோட்டை இல்லை. "நீங்க மணிமுத்தாத்துப் பாலத்துல வர்றீங்க. கரண்ட் இல்லை. கீழே மணல்ல ஒருத்தர் அடுப்பு மூட்டி உட்கார்ந்திருக்கார். பானை இருக்கு. பானையில ஒண்ணும் இல்லை, கிண்டிக்கிட்டே இருக்கார்."

"எத்தனை பாயிண்ட்?"

"தெரியாது. கேட்டுப் பாருங்க."

அவ என்னைப் பார்த்தா. நான் வானத்தைப் பார்த்தேன். கிட்டப் போனோம். பையன் குரலை மாத்தலை, சாதாரணமாத்தான் பேசினான். "உங்கள்ல யாருக்காவது எழுதத் தெரியுமா? நான் கோயிலுக்குள்ள போக முடியாது. எனக்கு ஒரு பிராது எழுதணும்."

தம்பிக்காரன் நகர்ந்து நகர்ந்து என் மடிக்கு வந்துட்டான். அந்தப் பொண்ணு கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அவருக்கு ஒரு கண்ணு ஏன் மூடியிருக்கு?"ன்னு கேட்டா. கண்ணைப் பத்தி அதுவரைக்கும் பையன் ஒண்ணுமே சொல்லலைங்க! என் மூஞ்சியில தெரிஞ்சுடுச்சோ, அவளே போட்டுக்கிட்டாளோ. பையன் ஒரு நொடி திகைச்சுட்டு, சக்கரக்கோட்டத்துக் கூழைச் சொன்னான். தெறிச்சது, எரிஞ்சது, அன்னைக்கு மட்டும்தான் வயிறு நிறைஞ்சது.

சீரியல் நேரம் தாண்டிப் போச்சு. இருபது முகக் கட்டை டப்பாவை விட்டு வெளியவே வரலை. அவ பையனோட நோட்டை வாங்கி, நடுவுல 'பிராது'ன்னு தலைப்பு போட்டு அடிக்கோடு இழுத்தா. மனுதாரர், வயசு, ஊர் எல்லாம் பேய் சொல்லச் சொல்ல எழுதினா. வயசுக்கு மட்டும் கேள்விக்குறி. அடுத்து "எதிரி பேர்?"னு கேட்டுட்டு நிமிர்ந்தா.

பையன் வாயைத் திறந்தான், மூடிக்கிட்டான். அவனுக்கும் தெரியலை. அடுப்பு எரியற சத்தம் மட்டும் வாயால பண்ணிக்கிட்டிருந்தான்.

போன வாரம் பெங்களூர்ல இருந்து போன். சனிக்கிழமை ரெண்டு பேர் வந்தாங்களாம். சக்கரக்கோட்டம் இப்ப எங்கே இருக்குன்னு கேட்டான். சத்தீஸ்கர்ல பஸ்தர் பக்கம்னு சொன்னேன். மேப்பை விரிச்சு வெச்சு, அங்கிருந்து விருத்தாசலம் வரைக்கும் ஒரு கண்ணோட நடந்து வந்தா எந்தெந்த ஆத்தைத் தாண்டணும்னு கோடு போட்டுக்கிட்டிருக்கானாம்.